சுண்ணாம்புக் கம்பத்தின் அடிமண்

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில். கம்பம் என்றதும் தேனிப் பக்கம் போய்விட வேண்டாம். மலாய்க் 'கம்போங்' தமிழ் வாயில் தேய்ந்து கம்பமானது. சிற்றூர் என்று பொருள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம், அதனால் அந்தப் பெயர். சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால் கம்போங் கபூர் சாலை வரும். மலாயில் 'காப்பூர்' என்றாலும் சுண்ணாம்புதான். இரண்டு மொழிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே தொழிலை வைத்து ஒரே வட்டாரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காளவாய் எதுவும் இப்போது கிடையாது. நகைக்கடையும் முஸ்தபாவும் இருக்கின்றன.

1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்தான் சிங்கப்பூரின் பாதிச் சாலைகளைப் போட்டவர்கள். 1858இல் சிராங்கூன் சாலையோரம் அரசாங்கச் செங்கல் சூளையில் கல் அறுத்தவர்களும் அவர்களே. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இதைச் சொல்லாத சுற்றுலாக் கையேடே இல்லை. கட்டடத்தைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. சூளைக்கும் காளவாய்க்கும் அடியில் கிடந்த மண்ணைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

சுண்ணாம்பு விஷமில்லை. மண்ணின் காரத்தன்மையைக் கொஞ்ச காலம் ஏற்றும், அவ்வளவுதான். ஆனாலும் 'சுண்ணாம்புக் கம்பம்' என்ற பெயர் ஒரு வேதியியல் குறிப்பு. இந்த இடத்தில் தோண்டினால் என்ன கிடைக்கலாம் என்பதை ஆய்வகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது சொல்லிவிட்டது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், அதே மாதிரியான இன்னொரு குறிப்பு. மாடு அடைத்த மண்ணில் பாஸ்பேட் ஏறியிருக்கும், எளிதில் கரைந்து போகாது. சுவீடனில் ஓலோஃப் அரேனியஸ் என்பவர் 1920களில் சர்க்கரைக் கிழங்குப் பயிருக்காக வயல்வயலாகப் பாஸ்பேட்டை அளந்தார். அளவு காரணமில்லாமல் கூடியிருந்த இடங்களைப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டபோது, எப்போதோ கைவிடப்பட்ட குடியிருப்புகளாக இருந்தன. மண் பரிசோதனையும் வரலாறும் ஒரே தொழிலின் இரண்டு கைகள் என்று எனக்குப் படுவது இந்த மாதிரிக் கதைகளால்தான்.

சுண்ணாம்பும் சாணமும் சாதுவானவை. தேக்காவிலிருந்து லவெண்டர் வழியாக அரைமணி நேரம் நடந்தால் அப்படிச் சாதுவாக இல்லாத ஒரு மண் வரும்.

லவெண்டர் தெருவின் பெயரே ஒரு கேலி. அங்கிருந்த சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு மனித மலமே உரம். அந்த நாற்றத்தைக் கிண்டல் செய்து 1858இல் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. வாயு ஆலையின் நாற்றத்தால் வந்த பெயர் என்றும் சிலர் சொல்வதுண்டு. தேதியைப் பார்த்தால் அது ஒத்துவரவில்லை. ஆலை வந்தது 1862இல். தெரு ஏற்கெனவே நாறிக்கொண்டிருந்தது, ஆலை வந்து சேர்ந்துகொண்டது.

அதுதான் காலாங் வாயு ஆலை. சிங்கப்பூர் கேஸ் கம்பெனி ஆற்றோரச் சதுப்பில் கட்டியது. 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று, தெருவிளக்குகள் முதன்முதலில் வாயுவில் எரிந்தன. 1901இல் நகராட்சி ஆலையை எடுத்துக்கொண்டது, 1963இல் அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கைக்குப் போனது, 1998இல் மூடப்பட்டது. ஏறக்குறைய 136 வருடம். ஹொக்கியன் பேசும் பெரியவர்கள் அந்த இடத்தை 'ஹுவே சியா' என்பார்கள். நெருப்பு நகரம். அதிகாரபூர்வமான எந்தப் பெயர்ப்பலகையிலும் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பது கேட்க எளிய வேலை. காற்றுப் புகாத கலனில் நிலக்கரியைப் போட்டுச் சுட வேண்டும். எரியாது, வெந்துபோகும். வருகிற புகையைக் குளிரவைத்தால் தார் பிரியும். தண்ணீரில் கழுவினால் அம்மோனியா போகும். மிச்சமிருக்கும் கந்தகத்தையும் சயனைடையும் பிடிக்க அதைப் பெட்டிகளுக்குள் செலுத்துவார்கள். உலகின் பல ஆலைகளில் ஆரம்பத்தில் அந்தப் பெட்டிகளில் இருந்தது சுண்ணாம்பு. பிறகு மரத்தூளோடு கலந்த இரும்பு ஆக்சைடு வந்தது. அது பயன்பட்டுத் தீர்ந்ததும் நீல நிறமாகிவிடும். பழைய வாயு ஆலை நிலங்களைத் தோண்டும்போது நீல மண் வந்தால் பொறியாளர்களுக்கு உடனே புரியும், பெட்டியைக் கொட்டிய இடம் இதுதான் என்று. சுத்தம் செய்த வாயு, தண்ணீரில் மிதக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளுக்குப் போகும். அந்தத் தொட்டிகளின் அடிக்குழிகளிலும் தார் படியும்.

தாரில் ஒரு பகுதி விற்பனைக்குப் போகும்: சாலைக்கு, மரத்துக்குப் பூச, சாயத்துக்கு. கசிந்தது, சிந்தியது, யாரும் கேட்காதது எல்லாம் தரைக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டில் அதற்குக் குப்பை என்றுகூடப் பெயர் இல்லை. சதுப்பு நிலத்தில் எதைப் போட்டாலும் மேடாக்கும் வேலைதானே என்று நினைத்த காலம்.

அந்தத் தாரில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1933இல் லண்டனில் குக், ஹியூவெட், ஹீகர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வாயு ஆலைக் கீல் 2 டன்னை எடுத்து, பிரித்துப் பிரித்துக் கடைசியில் சில கிராம் மஞ்சள் படிகத்தைப் பெற்றார்கள். பென்சோபைரீன். புகைக்கூண்டு துடைப்பவர்களுக்குப் புற்றுநோய் வருவதை 1775இலேயே பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதியிருந்தார். எதனால் என்பது தெரிய இந்த 2 டன் வேண்டியிருந்தது. காலாங்கில் அப்போது விளக்குக்கும் அடுப்புக்கும் நிலக்கரி வெந்துகொண்டிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது, அப்புறம் நாப்தா. புகை குறைந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தமாக்கச் சொன்னார். பன்றிப் பண்ணைகளும் படகுப் பட்டறைகளும் தெருவோரக் கடைகளும் இடம்மாற்றப்பட்டன, ஆற்றடிச் சேறு வாரப்பட்டது. 1987இல் வேலையை முடித்தவர்களுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். மீன் திரும்பி வந்தது எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. கரையிலிருந்த மண்ணில் மீன் கிடையாது. அதற்கு என்ன ஆகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் கம்பி.

மண்ணைத் தோண்டி, சீசாவில் அடைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, பத்து நாள் காத்திருப்பது பழைய முறை. தோண்டும்போதே எளிதில் ஆவியாகும் பென்சீனில் ஒரு பகுதி காற்றில் போய்விடும் என்பது அதன் பெரிய குறை. இன்னொன்று, இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் இருப்பது தெரியாது. ஆகவே மண்ணை வெளியே எடுக்காமல் கருவியை உள்ளே அனுப்பினார்கள். இதற்கு முன்னோடி நெதர்லாந்து. அந்த நாட்டின் பாதி, சேற்றின் மேல் நிற்கிறது. 1930களில் அங்கே கூம்பு முனை வைத்த கம்பியை மண்ணுக்குள் அழுத்தி, எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்து, அஸ்திவாரம் தாங்குமா என்று பார்த்தார்கள். இன்றும் அந்தக் கூம்பின் முனை 60 பாகை, வேகம் நொடிக்கு 2 செண்டிமீட்டர். பிறகு அதே கம்பிக்கு மூக்கும் கண்ணும் வைத்தார்கள்.

மூக்கு என்பது கம்பியின் பக்கவாட்டில் சூடாக்கப்பட்ட ஒரு சிறு தகடும் அதில் ஒரு சவ்வும். சுமார் 120 டிகிரி சூட்டில் சுற்றியுள்ள மண்ணின் பென்சீன், டொலுவீன் போன்றவை ஆவியாகிச் சவ்வைக் கடக்கும். உள்ளே ஓடும் நைட்ரஜன் அவற்றை மெல்லிய குழாய் வழியே மேலே தூக்கிவரும். மேலே புற ஊதா விளக்கு வைத்த உணரி காத்திருக்கும். ஓர் அடி இறக்கு, முக்கால் நிமிடம் நில், மறுபடி ஓர் அடி. திரையில் ஆழத்துக்கு ஏற்ப ஒரு கோடு வளைந்துகொண்டே போகும். ஆனால் கனமான தார் இந்தச் சூட்டுக்கு அசையாது. அதற்குக் கண் வேண்டும். நீலக்கல் சன்னல் வழியே லேசர் ஒளியைப் பாய்ச்சினால் தாரின் சேர்மங்கள் ஒளிரும். பெட்ரோலுக்குப் புற ஊதா ஒளி. நிலக்கரித் தாருக்கு அது சரிப்படாது, ஒளியைத் தானே விழுங்கிவிடும். பச்சை ஒளி போட வேண்டும். எது அங்கே கொட்டப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எந்த விளக்கைக் கொண்டுபோவது என்பதே தெரியும்.

இந்தக் கம்பியை இறக்குகிற வேலையில் நம்ம ஆட்கள் நிறைய. அப்படி ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தைக் கடையில் டீ குடித்துக்கொண்டு பேசினேன். பேராவூரணிப் பக்கம், பதினோரு வருடமாக இங்கே. மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்க, அவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

"அண்ணே, திரையில கோடு ஏறுறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிரும். கம்பிய மேல இழுக்கும்போது வாசம் வரும். அந்துருண்டை வாசம். பீரோவுல போடுவோம்ல, அதே வாசம். அப்ப சூப்பர்வைசர் மாஸ்க் போடுனு கத்துவாரு."

"மூக்க வச்சே கண்டுபிடிச்சிருவீங்களா?"

"மோந்து பாக்கக் கூடாதுங்கிறது ரூல்ஸ், அண்ணே. ஆனா மூச்சு விடாம எப்படி வேலை பாக்கிறது?"

அந்துருண்டை என்பது நாப்தலீன். நிலக்கரித் தாரிலிருந்துதான் அதை எடுத்தார்கள். ஆகவே தம்பி சொன்னது உவமையே இல்லை, அதே பொருள். மண் மாசு ஆய்வில் மனித மூக்குதான் மிகப் பழைய களக் கருவி. ஆலை ஓடிய காலத்தில் கலனுக்கு முன் நின்று கரி தள்ளிய கூலிகளுக்கு நாற்றம் எங்கே அதிகம், தார் எங்கே தேங்கும், பெட்டியை எந்த மூலையில் கவிழ்த்தோம் என்று தெரிந்திருக்கும். யாரும் அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை. பெரும்பாலும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வேறு.

இது எனக்கு வெறும் வருத்தமில்லை, கணக்கு. கம்பி தன்னைச் சுற்றி ஒரு சாண் மண்ணைத்தான் அறியும். இருபது மீட்டருக்கு ஒரு துளை போட்டால் நடுவில் ஒரு தார்க் குழி முழுதாக ஒளிந்துகொள்ளலாம். காலாங் மண்ணில் இது இன்னும் மோசம். இந்தத் தீவின் மென்மையான கடற்களிமண் படிவத்துக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயரே 'காலாங் படிவம்'. வெண்ணெய் மாதிரி இருக்கும், தண்ணீரை உள்ளே விடாது. தார் தண்ணீரைவிடக் கனமானது. மேல்மண் வழியே இறங்கிக் களிமண்ணைத் தொட்டதும் நிற்கும், பிறகு களிமண் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் வழியும். நிலத்தடி நீர் கிழக்கே போனால் தார் மேற்கே போகலாம். ஆகவே எங்கே குத்துவது என்பதைக் கருவி சொல்லாது. பழைய வரைபடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆள் சொல்ல வேண்டும்.

முறையான ஆய்வில் இதற்கு இடம் இருக்கிறது. முதல் கட்டம் மேசை ஆய்வுதான்: நிலம் யாரிடம் இருந்தது, என்ன தொழில், என்ன வரைபடம். அந்த மேசைக்கு 'ஹுவே சியா'வும் 'சுண்ணாம்புக் கம்ப'மும் வரவேண்டும் என்பது என் கட்சி. ஆங்கில வரைபடத்தை மட்டும் பார்த்து வேலை செய்கிறவருக்கு லவெண்டர் தெரு என்பது ஒரு வாசனைப் பூ.

மண்ணில் இருப்பதை அளந்தபின் அடுத்த கேள்வி, எவ்வளவு இருந்தால் மோசம். இதற்கும் நெதர்லாந்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே லெக்கர்கெர்க் என்ற சிற்றூரில், பழைய வாய்க்கால்களைக் குப்பை போட்டு மூடி அதன்மேல் வீடு கட்டியிருந்தார்கள். டொலுவீன் குடிநீர்க் குழாயின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. 1980இல் சுமார் 270 குடும்பங்களை வெளியேற்றித் தோண்டியபோது 1,600க்கும் மேற்பட்ட ரசாயனப் பீப்பாய்கள் வந்தன. 1983இல் மண் சுத்திகரிப்புக்கு இடைக்காலச் சட்டம் வந்தது, கூடவே எந்தப் பொருள் எந்த அளவைத் தாண்டினால் அரசு தலையிட வேண்டும் என்ற பட்டியலும் வந்தது. தார்ச் சேர்மங்கள் பத்தின் கூட்டுத்தொகைக்கு 1 கிலோ மண்ணில் 40 மில்லிகிராம் என்பது அந்தப் பட்டியலின் பிந்தைய வடிவத்தில் ஒரு வரி. நூற்றுக்குப் பத்துப் பங்கு மக்கு, இருபத்தைந்து பங்கு களி உள்ள ஒரு கற்பனை மண்ணை வைத்துப் போட்ட எண்கள் அவை. வேறு மண்ணுக்குத் திருத்திக்கொள்ளச் சூத்திரமும் உண்டு. சிங்கப்பூரில் ஜேடிசியின் தொழில் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் மண் எப்படி இருக்கிறது என்று தொடக்கத்தில் ஓர் ஆய்வும், திருப்பிக் கொடுக்கும்போது இன்னோர் ஆய்வும் செய்ய வேண்டும். ஒப்பிடப் பயன்படுவது இந்த டச்சுப் பட்டியல். வாடகை வீட்டுக்குக் குடிவரும்போது சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1862இல் யாரும் படம் எடுக்கவில்லை.

எண் என்பது வேதியியல் மட்டுமில்லை என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக்கடை ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு. அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதற்குப்பின் பல வருடம் நடந்தது. டச்சுக்காரர்களின் அப்போதைய பட்டியலில் பாதரசத்துக்கு 10 மில்லிகிராம். கொடைக்கானலில் 20 என்று முடிவானது. அடர்ந்த சோலைக்காட்டின் விளிம்பு, கீழே பாம்பாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே ஏன் தளர்வான எண் என்று போராடியவர்கள் கேட்டார்கள். இடத்துக்கேற்ற அபாயக் கணக்கு என்று பதில் வந்தது. அந்தக் கணக்கில் மண்மேல் யார் நடப்பார்கள், எத்தனை வருடம் இருப்பார்கள், அங்கே விளைவதைச் சாப்பிடுவார்களா என்று சில ஊகங்களைப் போட வேண்டும். ஊகம் போடுபவர் அங்கே குடியிருப்பவராக இருப்பது அபூர்வம்.

காலாங் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டமுள்ள மண். அங்கே வரப்போவது வீடுகள். கம்போங் பூகிஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த நிலத்தில் ஆற்றைப் பார்த்தபடி சுமார் 4,000 வீடுகள், கார் குறைந்த வட்டாரம் என்று திட்டம். கட்டுவதற்கு முன் மண்ணைச் சுத்திகரிக்க வேண்டும் என்பதை அரசே 2010களின் இறுதியில் சொல்லிவிட்டது. ஆற்றோரம் லட்சக்கணக்கான வெள்ளிக்கு விற்கப்போகும் வீட்டுக்குக் கீழே 40 மில்லிகிராம் என்றால் 40தான். இந்தக் கறார்த்தனத்தை நான் பாராட்டுகிறேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு: கொடைக்கானல் நினைவு வந்தால்.

ஆலை நினைவாகக் காலாங் ஆற்றோரப் பூங்காவில் ஒரு சிற்பம் இருக்கிறது, ஆலையின் பழைய இரும்புப் பாகங்களை வைத்துச் செய்தது. வாயுத் தொட்டிகள் போய்விட்டன. ஆனால் பழைய நில வரைபடங்களில் வாயு ஆலை இருந்த எந்த ஊரிலும் அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். செவ்வகக் கட்டடங்களுக்கு நடுவே கச்சிதமான வட்டங்களாக இருக்கும். தேசிய நூலகத்துக்குப் போகிறவர்கள் பழைய நகர வரைபடங்களில் லவெண்டர் தெரு ஆற்றைத் தொடும் பக்கம் அந்த வட்டங்களைத் தேடிப் பார்க்கலாம். ஒரு கண்ணாடித்தாளில் நகலெடுத்து இன்றைய வரைபடத்தின்மேல் வைத்து, வட்டத்தின் நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும். கம்பியை முதலில் இறக்க வேண்டிய இடம் அது.